கட்டியா, மயலின் சிதைவா? எம்.ஆர்.ஐ அறிக்கை இரண்டையும் சொல்லும்போது

கேள்வி: என் கணவருக்கு வயது 36. பத்து நாளாக வலது கையும் காலும் வலுவிழந்து வருகின்றன. பேசும்போது சொல் கிடைக்காமல் தடுமாறுகிறார். எம்.ஆர்.ஐ எடுத்ததில் மூளையின் இடப்பக்கம் 4.2 செ.மீ. அளவில் ஒரு 'லீஷன்' (பாதிப்புப் பகுதி) இருப்பதாகவும், கான்ட்ராஸ்ட் ஊசிக்குப் பிறகு அதன் விளிம்பு முழுமையடையாத வளையமாக ஒளிர்வதாகவும் எழுதியிருக்கிறார்கள். முடிவில் 'டியூமிஃபேக்டிவ் டிமைலினேஷன். உயர்நிலை கிளையோமாவாகவும் இருக்கலாம்' என்று இரண்டையும் போட்டிருக்கிறார்கள். நரம்பியல் மருத்துவர் உடனே ஸ்டீராய்டு தொடங்கலாம் என்கிறார். மூளை அறுவை மருத்துவர் முதலில் பயாப்ஸி என்கிறார். கூடவே ஸ்கேனை மறுபடி எடுக்கவும் சொல்கிறார்கள். முதல் ஸ்கேன் தவறா? இணையத்தில் பாலோ, மார்பர்க், ஷில்டர் என்றெல்லாம் படித்துவிட்டுத் தூக்கம் போய்விட்டது. நாங்கள் என்ன கேட்க வேண்டும்?

பதில்: முதல் ஸ்கேன் தவறில்லை. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அது முழுமையாக எடுக்கப்படவில்லை, அவ்வளவுதான். அறிக்கையில் இரண்டு பெயர்கள் இருப்பதை மழுப்பல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். டிமைலினேஷன் என்பது நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறை சிதைவது; உயர்நிலை கிளையோமா என்பது மூளையிலேயே உருவாகி வேகமாக வளரும் கட்டி. இந்த இரண்டு நோய்களும் வழக்கமான படங்களில் ஒன்றுபோலவே தெரியக்கூடியவை. உங்கள் இரு மருத்துவர்களும் எதை முதலில் செய்வது என்பதில்தான் வேறுபடுகிறார்கள். என் கருத்து இது: அவர் நிலை இடம் கொடுத்தால், முதல் ஸ்டீராய்டு ஊசி ஏறுவதற்கு முன் விடுபட்ட படங்களை எடுத்து முடித்துவிடுங்கள். அதற்கு ஒரு நாள் போதும்.

ஆனால் அரைமயக்கமாகத் தூங்கி வழிகிறார், விடாமல் வாந்தி எடுக்கிறார், தலைவலி மணிக்கு மணி கூடுகிறது, வலிப்பு வருகிறது, ஒரு கண்ணின் பாவை பெரிதாகிறது என்றால் ஸ்கேனுக்காகக் காத்திருக்கக் கூடாது. அது மூளைக்குள் அழுத்தம் ஏறுவதன் அடையாளம். நேராக அவசரப் பிரிவுக்குக் கொண்டு போங்கள். அங்கே ஸ்டீராய்டு உடனே கொடுப்பதுதான் சரி.

இரண்டும் ஏன் ஒன்றுபோலத் தெரிகின்றன? கான்ட்ராஸ்ட் மருந்தான கடோலினியம் இயல்பான மூளைக்குள் கசியாது. ரத்தக் குழாய்க்கும் மூளைத் திசுவுக்கும் இடையிலுள்ள தடுப்பு உடைந்த இடத்தில் மட்டுமே அது வெளியேறி ஒளிரும். அந்தத் தடுப்பை வேகமாக வளரும் கட்டியும் உடைக்கும், மயலின் உறையைத் தின்னும் அழற்சியும் உடைக்கும். ஆகவே 'ஒளிர்கிறது' என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எப்படி ஒளிர்கிறது என்பதில்தான் துப்பு இருக்கிறது.

உங்கள் அறிக்கையில் இருக்கும் 'முழுமையடையாத வளையம்' ஒரு நல்ல துப்பு. மயலின் சிதைவில் வளையத்தின் ஒளிரும் வில், மயலின் உறையிட்ட நரம்பிழைகள் நிறைந்த வெண்பொருள் பக்கம் இருக்கும். திறந்த வாய் மூளையின் மேலோட்டுச் சாம்பல் பொருளையோ, ஆழத்திலுள்ள சாம்பல் முடிச்சுகளையோ நோக்கியிருக்கும். நோய் வெண்பொருளுக்குள் முன்னேறிச் செல்லும் முனைதான் ஒளிர்கிறது. மயலின் குறைவாக உள்ள சாம்பல் பக்கம் அது வலுவாக எரிவதில்லை. கிளையோமாவின் வளையம் பெரும்பாலும் மூடியது, தடித்தது, மேடுபள்ளமானது. வளையம் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று உங்கள் அறிக்கையில் எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கதிரியக்க மருத்துவரிடம் அதை முதல் கேள்வியாக வையுங்கள்.

அடுத்து, அளவுக்கும் அழுத்தத்துக்கும் உள்ள பொருத்தம். 2 செ.மீ.க்கு மேல் போன மயலின் சிதைவைத்தான் 'டியூமிஃபேக்டிவ்', அதாவது கட்டியைப் போலத் தோன்றுவது என்கிறார்கள். 4 செ.மீ. கட்டி என்றால் சுற்றிலும் கணிசமான நீர்க்கோப்பும், நடுக்கோடு தள்ளப்படுவதும் எதிர்பார்க்கக்கூடியவை. அதே அளவு சிதைவில் இவை பெரும்பாலும் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருக்கும். நீர் பிரகாசமாகத் தெரியும் டி2 வகைப் படத்தில் விளிம்பையொட்டி மெல்லிய கருவளையம் தெரிந்தால் அதுவும் சிதைவின் பக்கமே சாய்கிறது. இவை எல்லாம் சாய்வுகள்தான், தீர்ப்புகள் அல்ல. விதிவிலக்குகள் இரு பக்கமும் உண்டு.

இனி விடுபட்டவற்றுக்கு வருவோம். நீங்கள் எழுதியதில் பெர்ஃப்யூஷன் (ரத்த ஓட்டத்தை அளப்பது), டிஃப்யூஷன் (நீர் மூலக்கூறுகளின் அசைவைக் காட்டுவது), எஸ்.டபிள்யூ.ஐ (சிரைகளையும் ரத்தக் கசிவையும் காட்டுவது) ஆகிய படங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை; தண்டுவடத்தைப் பற்றியும் இல்லை.

டிஃப்யூஷன் படம் எந்த மூளை எம்.ஆர்.ஐ.யிலும் வழக்கமாக எடுக்கப்படுவது. எடுத்திருப்பார்கள், எழுதியிருக்க மாட்டார்கள். புதிதாகச் சிதையும் விளிம்பில் நீர் மூலக்கூறுகளின் அசைவு குறைந்து, அங்கே மட்டும் ஒரு மெல்லிய கோடு பளிச்சிடும். சீழ்க்கட்டியில் நடுப்பகுதி பளிச்சிடும். லிம்போமா என்ற நிணநீரணுப் புற்றில் ஒளிரும் திசு முழுவதும் பளிச்சிடும். இங்கே அடிக்கடி நேரும் பிழை ஒன்று உண்டு. டி2வில் மிகப் பிரகாசமாக இருக்கும் எதுவும் டிஃப்யூஷன் படத்திலும் வெறுமனே ஊடுருவிப் பளிச்சிடும். அது பொய் வெளிச்சம். பக்கத்திலேயே இருக்கும், நீரின் அசைவை மட்டும் அளந்து காட்டும் ஏ.டி.சி வரைபடத்தில் அதே இடம் கறுத்திருந்தால்தான் அது உண்மை. இன்னொன்று: சிதைவில் இந்தப் பளிச்சிடும் விளிம்பு சில நாட்களுக்குள்ளேயே மாறிவிடும். கட்டியில் அவ்வளவு விரைவாக மாறாது. மறு ஸ்கேன் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெர்ஃப்யூஷன்தான் இங்கே எனக்கு மிக முக்கியமாகப் படுவது. உயர்நிலை கிளையோமா தனக்கென்று புதிய ரத்தக் குழாய்களை முளைக்க வைத்துக்கொள்ளும். அதனால் அங்கே ரத்தக் கொள்ளளவு எதிர்ப்பக்கத்து இயல்பான வெண்பொருளைவிடப் பல மடங்கு ஏறியிருக்கும். மயலின் சிதைவில் புதுக் குழாய்கள் இல்லை. அளவு சமமாகவோ குறைவாகவோ இருக்கும். ஆனால் இந்தச் சோதனை கெடுவது பெரும்பாலும் இயந்திரத்தால் அல்ல, கையில் போடும் ஊசியால். மருந்து ஒரே மொத்தமாக மூளைக்குள் பாய வேண்டும்: நொடிக்கு 4 முதல் 5 மில்லி வேகத்தில், பின்னாலேயே 20 மில்லி அளவுக்கு உப்பு நீர். புறங்கையில் மெல்லிய கேனுலா (சிரையில் செருகும் குழாய்) இருந்தால் அந்த வேகம் தாங்காது; மருந்து சிதறிப் போய் வரைபடம் பயனற்றதாகிவிடும். ஸ்கேனுக்கு முன்பே முழங்கை மடிப்பில், முடிந்தால் வலது கையில், 18 அல்லது 20 அளவு கேனுலா போட்டுவிடச் சொல்லுங்கள். தடுப்பு உடைந்த இடத்தில் மருந்து கசிவதால் கணக்கு பொய்யாகக் குறையவும் செய்யும். அதைத் திருத்தும் கணக்கீடு செய்யப்பட்டதா என்று உங்கள் நரம்பியல் மருத்துவர் கேட்கலாம். எண் குறைவாக வந்தால் உடனே நிம்மதியடைந்துவிடவும் வேண்டாம். லிம்போமாவிலும் தாழ்நிலை கிளையோமாவிலும்கூட அது பெரிதாக ஏறாது.

எஸ்.டபிள்யூ.ஐ படம் சிரைகளையும் நுண்ணிய ரத்தக் கசிவுகளையும் கறுப்பாகக் காட்டும். சிதைவுப் பகுதியின் நடுவே ஒரு சிரை வளையாமல் நெளியாமல் கடந்து போனால் அது மயலின் சிதைவுக்கு நல்ல சாட்சி. கட்டி குழாய்களைத் தள்ளும், வளைக்கும். ஆங்காங்கே கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் யோசனை வேறு திசையில் போகும். கிளையோமாவில் கசிவு சாதாரணம். நாள் கணக்கில் வேகமாகக் கெடும் நோயாளியிடம் பெரிய வெண்பொருள் வீக்கத்தோடு இப்புள்ளிகள் இருந்தால், ஹர்ஸ்ட் 1941இல் விவரித்த ரத்தக்கசிவு வகை அழற்சியை நினைக்க வேண்டும். இந்த வரிசையிலேயே மிக வேகமாக உயிரெடுக்கக்கூடியது அதுதான்.

திசுவிலுள்ள வேதிப்பொருள்களை அளக்கும் ஸ்பெக்ட்ரோஸ்கோபி எடுத்து 'கோலின் கூடியிருக்கிறது' என்று வந்தால் பதறாதீர்கள். உயிரணுச் சவ்வுகள் வேகமாகக் கட்டப்பட்டாலும் கோலின் கூடும், வேகமாகக் கலைக்கப்பட்டாலும் கூடும். கட்டி என்று தவறாக முத்திரை குத்த இந்த ஓர் எண்ணையே காரணமாக்குவது அடிக்கடி நடக்கிறது. இந்தக் கேள்விக்கு ஸ்பெக்ட்ரோஸ்கோபியை நான் கடைசி வரிசையில்தான் வைப்பேன்.

பலரும் மறந்துவிடும் ஒரு துப்பு உங்களிடம் ஏற்கெனவே இருக்கலாம். முதல் நாள் அவசரப் பிரிவில் சாதாரண சி.டி எடுத்தார்களா? எடுத்திருந்தால் அந்தக் குறுந்தகட்டைத் தேடி எடுங்கள். எம்.ஆர்.ஐ.யில் ஒளிரும் அதே விளிம்பு, கான்ட்ராஸ்ட் இல்லாத சி.டி.யில் சுற்றியுள்ள மூளையைவிடக் கறுத்திருந்தால் மயலின் சிதைவின் பக்கம் தராசு நன்றாகவே இறங்கும். கட்டியில் அணுக்கள் நெருக்கமாக அடைந்திருப்பதால் அவ்விடம் சாம்பலாகவோ வெளுப்பாகவோ தெரியும். செலவில்லாத சாட்சி இது. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

மறு ஸ்கேனுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். முடிந்தால் அதே இயந்திரம், அல்லது அதே காந்த வலிமை, 1.5 டெஸ்லா போதும், 3 டெஸ்லா கிடைத்தால் நல்லது. மூளை நீரின் வெளிச்சத்தை அடக்கி எடுக்கும் ஃபிளேர் படம் 1 மி.மீ. முப்பரிமாணத்தில் எடுக்கப்பட வேண்டும்; 5 மி.மீ. தடிமனில் சிறிய பழைய தழும்புகள் இடையில் நழுவிவிடும். அந்தத் தழும்புகள் முக்கியம். மூளை அறைகளின் ஓரத்திலோ, மூளையின் இரு பாதிகளை இணைக்கும் கார்ப்பஸ் கலோசத்திலோ பழைய சிதைவின் தடம் இருந்தால், இந்தப் பெரிய லீஷனும் அதே குடும்பம்தான் என்ற வாதம் வலுப்படும். ஊசிக்கு முன் எடுக்கும் டி1 படத்தைத் தவிர்க்கக் கூடாது. அது இல்லாவிட்டால் பழைய ரத்தக் கசிவின் வெளிச்சத்தை மருந்தின் வெளிச்சம் என்று நினைத்துவிடுவார்கள். ஊசிக்குப் பின் குறைந்தது 5 நிமிடம், 10 கொடுத்தால் இன்னும் நல்லது, கழித்தே ஒளிர்வுப் படம் எடுக்க வேண்டும். அவசரமாக எடுத்தால் மங்கலாக ஒளிரும் விளிம்பு தவறிவிடும்.

கடோலினியத்தின் வழக்கமான அளவு, எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிமோல். பாட்டிலின் செறிவு மில்லிக்கு 0.5 மில்லிமோல் என்றால் 60 கிலோ ஆளுக்கு 12 மில்லி. செறிவு 1.0 என்றால் 6 மில்லி. ஆகவே இரண்டு மையங்களின் மில்லி அளவை ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். சிறுநீரகம் நன்றாக இருந்தால் ஒரு நாளுக்குள் பெரும்பகுதி வெளியேறிவிடும். சில நாட்கள் இடைவெளியில் இரண்டாம் முறை போடுவதில் தயக்கம் வேண்டாம். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் காட்டும் ஈ.ஜி.எஃப்.ஆர் 30க்குக் கீழே என்றால் கட்டாயம் முன்கூட்டியே சொல்லுங்கள். மூலக்கூறு வளைய அமைப்புள்ள மருந்தா என்று கேட்டுப் போட்டுக்கொள்வது நல்லது. நீள் அமைப்புள்ள பழைய வகைகளைவிட அவை உடலில் குறைவாகவே தங்குகின்றன. இதயப் பேஸ்மேக்கர், செவியுள் கருவி, மூளைக் குழாய் கிளிப், கண்ணில் எப்போதாவது விழுந்த உலோகத் துகள் ஆகியவற்றை ஸ்கேன் அறைக்கு முன் சொல்ல மறக்கக் கூடாது. படுத்திருக்கும் நேரம் முக்கால் மணிக்கு மேல் போகலாம். பேச்சுத் தடுமாற்றம் உள்ளவர் என்பதால் அழைப்பு மணியைப் பலமுள்ள இடது கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.

அதே அமர்விலோ மறுநாளோ முழுத் தண்டுவடத்தையும், கொழுப்பின் வெளிச்சத்தை அடக்கி கண் நரம்புகளையும் எடுக்கக் கேளுங்கள். கால் வலுவின்மை மூளையால்தான் என்று தெரிந்த பிறகு எதற்கு என்று தோன்றும். சிகிச்சையையே மாற்றும் விடை அங்கே கிடைக்கலாம் என்பதால்தான். மூன்று முதுகெலும்புகளின் நீளத்துக்கும் மேலாகத் தொடர்ந்து தண்டுவடம் பாதிக்கப்பட்டிருந்தால், அல்லது கண் நரம்பு பாதி நீளத்துக்கு மேல் ஒளிர்ந்தால், அக்குவாபோரின்-4 என்ற புரதத்தைத் தாக்கும் எதிர்ப்பொருளால் வரும் நோயையும், மயலின் உறையிலுள்ள மாக் (MOG) என்ற புரதத்தைத் தாக்கும் எதிர்ப்பொருளால் வரும் நோயையும் தேட வேண்டும். முதலாவது எதிர்ப்பொருள் 2004இல்தான் கண்டறியப்பட்டது. அதற்கு முன் இந்த நோயாளிகள் பலருக்கு மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் (மயலின் சிதைவு நோய்களில் பரவலானது) என்றே சிகிச்சை நடந்தது. மல்டிபிள் ஸ்கிளீரோசிஸுக்குத் தரும் இன்டர்ஃபெரான் பீட்டா, நடலிசுமாப், ஃபிங்கோலிமாட் போன்றவை அக்குவாபோரின் வகையை மோசமாக்கக்கூடும். பெயரைச் சரியாகப் பிடிப்பது இதனால்தான் அவசியமாகிறது. ஒரு சிறிய, ஆனால் அடிக்கடி தவறவிடப்படும் செய்தி: இந்த இரண்டு எதிர்ப்பொருள்களுக்குமான ரத்தத்தை ஸ்டீராய்டுக்கு முன்னும், கட்டாயம் பிளாஸ்மா மாற்றத்துக்கு (எதிர்ப்பொருள்களை நீக்க ரத்தத்தின் நீர்ப்பகுதியை மாற்றுவது) முன்னும் எடுத்து வைத்துவிட வேண்டும். பிளாஸ்மாவை மாற்றிய பிறகு எடுத்த ரத்தத்தில் 'இல்லை' என்று வந்தால் அதை நம்ப முடியாது. செல் அடிப்படையிலான சோதனையா என்றும் கேளுங்கள். பழைய எலைசா முறையில் பொய் முடிவுகள் அதிகம்.

நீங்கள் இணையத்தில் படித்த பெயர்களுக்கு வருகிறேன். அவற்றில் படத்தைப் பார்த்தே பெயர் சொல்லக்கூடியது பாலோ ஒன்றுதான். ஹங்கேரிய மருத்துவர் பாலோ 1928இல் விவரித்த இந்நோயில், மயலின் சிதைந்த பட்டையும் தப்பித்த பட்டையும் மாறி மாறி, குறுக்கே வெட்டிய வெங்காயம்போல வளையங்களாகத் தெரியும். எம்.ஆர்.ஐ வருவதற்கு முன் இதைப் பிணப் பரிசோதனையில்தான் கண்டார்கள், அதனால் எப்போதும் மரணம் என்று நூல்களில் ஏறிவிட்டது. இன்று உயிரோடிருப்பவர்களிடம் கண்டுபிடிக்கிறார்கள், பலர் தேறுகிறார்கள். நீங்கள் படித்த பயமுறுத்தும் வரிகள் அந்தப் பழைய காலத்தின் மிச்சம். 1906இன் மார்பர்க் வகைக்குப் படத்தில் தனி முத்திரை கிடையாது. வாரக் கணக்கில் புதிய பகுதிகள் சேர்ந்து ஒன்றாகி, மூளைத்தண்டு வரை போகும் வேகத்தை வைத்துத்தான் அந்தப் பெயர். ஷில்டர் பெரும்பாலும் குழந்தைகளுக்கு வருவது. இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி, 2க்கு 3 செ.மீ.க்குக் குறையாத பெரும் சிதைவு. அந்தப் பெயரை வைக்குமுன் மிக நீண்ட சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை ரத்தத்தில் அளந்து, இயல்பு என்று உறுதி செய்தாக வேண்டும். அட்ரினோலுகோடிஸ்ட்ரோஃபி என்ற மரபு நோய் மூளையின் பின்பக்கத்தில் இதே வேடம் போடும். அது எக்ஸ் குரோமோசோம் வழி வருவதால், தாய்வழி ஆண்களில் யாருக்காவது இளவயதில் நடை தளர்ந்ததா, அட்ரினல் சுரப்பிக் குறைபாடு இருந்ததா என்று விசாரிப்பதும் உதவும். ஒரு பக்கம் மட்டும் ஒற்றை லீஷன் உள்ள உங்கள் கணவருக்கு ஷில்டரும் அட்ரினோலுகோடிஸ்ட்ரோஃபியும் பொருந்தி வரவில்லை.

அவர் ஏற்கெனவே நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து ஏதாவது எடுத்தாரா, எச்.ஐ.வி சோதனை செய்யப்பட்டதா என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஜே.சி வைரஸால் வரும் பி.எம்.எல் என்ற சிதைவு, மேலோட்டுக்கு நேர்கீழே உள்ள வளைவு இழைகள் வரை கூர்மையான எல்லையோடு போகும். அழுத்தமும் ஒளிர்வும் பொதுவாக மிகக் குறைவு. அதற்குத் தடைபட்ட எதிர்ப்புச் சக்தியை மீட்டுத் தருவதுதான் சிகிச்சை. தொடர்ந்து ஸ்டீராய்டு கொடுப்பது எதிர்த் திசையில் போவது.

இப்போது ஸ்டீராய்டா பயாப்ஸியா என்ற உங்கள் முக்கியக் கேள்வி. அறுவை மருத்துவரின் தயக்கத்துக்குச் சரியான காரணம் இருக்கிறது: அதன் பெயர் லிம்போமா. ஸ்டீராய்டு அந்த அணுக்களை நாட்கணக்கில் கரைத்துவிடும்; பிறகு ஊசி நுழைத்து எடுக்கும் துணுக்கில் ஒன்றும் கிடைக்காது, நோயோ சில மாதத்தில் திரும்பி வரும். ஆகவே டிஃப்யூஷனும் பெர்ஃப்யூஷனும் லிம்போமா, கிளையோமா பக்கம் சாய்ந்தால் முதலில் பயாப்ஸி. திறந்த வளையம், குறைந்த ரத்தக் கொள்ளளவு, நடுவே கடக்கும் சிரை, வேறிடத்தில் பழைய தடம் ஆகியவற்றில் பல ஒன்றுசேர்ந்தால் நரம்பியல் மருத்துவர் சொல்வதுபோல மெத்தில்பிரெட்னிசோலோன் நாளுக்கு 1 கிராம், 3 முதல் 5 நாள். ஒரு வாரம் பத்து நாளில் முன்னேற்றம் இல்லையென்றால் ஒன்றுவிட்டு ஒரு நாளாக 5 முதல் 7 பிளாஸ்மா மாற்றங்கள் என்பது வழக்கமான அடுத்த படி. முதுகில் எடுக்கும் நீரில் ஒலிகோகுளோனல் பட்டைகளும் (மூளைக்குள் அழற்சி இருப்பதைக் காட்டும் எதிர்ப்பொருள் தடங்கள்) புற்றணுக்களும் பார்க்க வேண்டியவை. ஆனால் மூளையின் நடுக்கோடு தள்ளப்பட்டிருந்தால் அந்த ஊசி ஆபத்து, படம் பார்த்த மருத்துவர் சம்மதம் சொன்ன பிறகே.

ஸ்டீராய்டு கொடுத்து இரண்டு நாளில் அவர் நன்றாகப் பேச ஆரம்பித்தால் மகிழுங்கள், ஆனால் நோய் இதுதான் என்று அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். கிளையோமாவைச் சுற்றிய நீர்க்கோப்பும் ஸ்டீராய்டில் வற்றும், லிம்போமாவும் சுருங்கும்.

பயாப்ஸி என்று முடிவானால் சந்தேகத்தை எழுத்தில் நோயியல் மருத்துவருக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஒளிரும் விளிம்பிலிருந்து துணுக்கு எடுக்கப்பட வேண்டும். மயலின் சிதைவில் காணப்படும் கிரூட்ஸ்ஃபெல்ட் அணுக்கள், உட்கரு துண்டு துண்டாகத் தெரிவதால், அறுவையின்போதே அவசரமாகப் பார்க்கும் உறைவு வெட்டில் பிரியும் கட்டி அணுக்களைப் போலத் தோன்றி ஏமாற்றும். மயலின் சாயமும், மேக்ரோபேஜ்களை (சிதைந்ததை விழுங்கும் அணுக்கள்) காட்டும் சி.டி-68 சாயமும் போட்டுப் பார்த்தால், மயலினை விழுங்கிய நுரைத்த மேக்ரோபேஜ்களும், உறை போய் இழை மட்டும் மிஞ்சிய நரம்புகளும் உண்மையைச் சொல்லிவிடும். உறைவு வெட்டை மட்டும் நம்பி 'கட்டி' என்று கதிர்வீச்சு தொடங்க விடாதீர்கள். மயலின் இழந்த மூளை கதிர்வீச்சை மோசமாகத் தாங்கும்.

பிறகு தொடர் ஸ்கேன். நோயாளி தேறுவது முன்னால் போகும், படம் பின்னால் வரும். முதல் மாதத்தில் படம் அப்படியே இருந்தால் கலங்க வேண்டாம். 6 முதல் 8 வாரத்தில், ஸ்டீராய்டு நின்ற நிலையில், அதே முறையில் எடுத்து ஒப்பிடுங்கள். அளவு சுருங்கி, ஒளிர்வு அடங்கி, டி2 வெளிச்சம் மட்டும் தழும்பாக மிஞ்சினால் அது மயலின் சிதைவின் வழக்கமான போக்கு. மூன்று மாதம் கடந்தும் அதே இடம் ஒளிர்ந்துகொண்டிருந்தால், அல்லது வளையம் மூடித் தடித்தால், முன்பு பயாப்ஸி வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களே அதை மறுபடி மேசைக்குக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு முறையும் பிலிம் தாளை மட்டும் வாங்கி வராமல், முழுப் படங்களும் அடங்கிய டைகாம் குறுந்தகட்டைக் கேட்டு வாங்குங்கள். உறையின் மேல் ஸ்கேன் தேதியையும், அன்று ஸ்டீராய்டு எத்தனையாவது நாள் என்பதையும் எழுதி வையுங்கள். அந்தக் குறிப்பு இல்லாமல் ஒளிர்வு குறைந்ததற்கு நோய் காரணமா மருந்து காரணமா என்று படத்தைப் பார்ப்பவரால் சொல்ல முடியாது.